அங்கிள், ஆன்ட்டி, பார்ட்னர்

செப்டம்பர் 10, செவ்வாய்

ஐம்பத்து நான்கு வயதில் மறுபடியும் பெஞ்சு. வெந்நீர் ஊற்று விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் ஆங்கிலம் கற்றே ஆக வேண்டுமாம், மேலாளர் உத்தரவு. முப்பது வருடமாக ஜெர்மன்காரர்களுக்கு அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலேயன் வந்தால் மட்டும் சாவி பூட்டில் நுழையாதா?

ஊர் மன்றத்தில், செவ்வாய்தோறும் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. வாத்தியார் பெயர் தாலிபோர். இருபத்தாறு வயது, கோஷித்ஸே நகரத்துக்காரன், இங்கே குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "முதல் பாடம் குடும்பம். ரொம்பச் சுலபம். எல்லாருக்கும் குடும்பம் இருக்குல்ல?" என்று பல்லைக் காட்டினான். மகாராசன்.

முதல் வரிசையில் ஒரு பச்சைத் தொப்பி. வாசலிலேயே திரும்பிப் போயிருக்க வேண்டும். பிளஜெனா, என் கூடப்பிறந்தவள். எங்களுக்குள் பேச்சு நின்று ஆறு வருடம். மகள் நேலா அயர்லாந்தில் இருக்கிறாள், பிள்ளைத்தாய்ச்சி, அதனால் இந்த அம்மாவும் ஆங்கிலம் படிக்க வந்திருக்கிறாள். நான் கடைசி வரிசையில், ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகு வெந்தது.

செப்டம்பர் 11

அவள் முதுகு கூன ஆரம்பித்திருக்கிறது. எனக்கென்ன.

செப்டம்பர் 17, செவ்வாய்

அப்பாவின் தம்பிக்கும் அங்கிள். அம்மாவின் தம்பிக்கும் அங்கிள். அத்தையைக் கட்டியவனும், ஏன், பக்கத்து வீட்டுக்காரனும் கூட அங்கிள்தானாம். ஸ்லோவாக்கியனுக்கு ஆளுக்கொரு சொல் இருக்கிறது, யார் எந்தப் பக்கம் என்று கூப்பிடும்போதே தெரிந்துவிடும். இந்த ஆங்கிலேயர்கள் எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மாமியாரோ 'சட்டப்படி அம்மா'வாம். நீதிமன்றத்தில் போய் வாங்கி வந்தது போல. சம்பந்திக்கு என்ன சொல் என்று பிளஜெனா கை தூக்கிக் கேட்டாள். தாலிபோர் புத்தகத்தைப் புரட்டினான். அப்படி ஒரு சொல்லே கிடையாதாம். கப்பல் விட்டு உலகத்தையே பிடித்தவர்களுக்குச் சம்பந்தியைக் கூப்பிட வாயில்லை.

வீட்டில் இருப்பவர்கள் மேல் உறவுப் பெயரைச் சீட்டாக எழுதி ஒட்டிப் பழக வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் இம்ரிக் கையை நீட்டினார். "எனக்கு என்ன சீட்டு?"

"பார்ட்னர்."

"நாம என்ன சேந்து மரக்கடையா வெச்சிருக்கோம்?" சிரித்து முடித்துவிட்டுச் சீட்டைச் சட்டையில் ஒட்டிக்கொண்டார். அதோடேயே குப்பை கொட்டவும் போனார். மூன்றாவது மாடிக்காரி நின்று படித்திருக்கிறாள்.

பதினோரு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். மோதிரம் மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்கும் எனக்கும் முதல் கல்யாணத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது.

செப்டம்பர் 18

தூக்கம் வரவில்லை. எல்லாம் அந்தச் சீட்டால்.

அம்மா கடைசி இரண்டு வருடமும் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாள். எனக்கு மணிக்கட்டில் வலி, தூக்க முடியாது. இம்ரிக்தான் குளியல் தொட்டிக்குத் தூக்கிப் போவார், குளிப்பாட்டுவார், ஊட்டுவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பிளஜெனா ஞாயிற்றுக்கிழமை கேக்கோடு வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள்.

அம்மா இறந்த அன்று நான் உடம்பைத் துடைத்து உடுத்திக்கொண்டிருந்தேன். இரங்கல் தாள் அச்சடிக்கக் கொடுக்கப் பிளஜெனா போனாள். மறுநாள் காலை இம்ரிக் ரொட்டி வாங்கப் போனபோது கடைப் பலகையில் அதைப் படித்தார். 'ஆறாத் துயரில்: மகள் பிளஜெனா, கணவருடன். மகள் ஜெல்மீரா. பேத்தி நேலா.' அவ்வளவுதான். சவக்குழி தோண்டுபவனின் பெயர் ஒன்றுதான் பாக்கி. இந்த மனுஷன் பெயர் இல்லை.

ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, "எழுத்துப்பிழை எதுவும் இல்ல" என்றார். சவ ஊர்வலத்தில் எங்களுக்குப் பின்னால், அண்டை வீட்டாரோடு நடந்தார்.

போய்க் கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அதற்கு அவள் என் செல்லப்பெயரைச் சொல்லி, "அவர் உனக்கு என்ன வேணும்னு எழுதறது, ஜெல்கா? ஊரே படிக்கும். நீயே சொல்லு." அன்றோடு முடிந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஆன்ட்டிக்கும் அதே சாக்கு.

அக்டோபர் 1, செவ்வாய்

இரண்டிரண்டு பேராகப் பேசச் சொன்னான். எண்ணி எண்ணிச் சேர்த்தான், பிளஜெனாவும் நானும் ஜோடி. வகுப்பே திரும்பிப் பார்த்தது. தபால் ஆபீஸ்காரி, மருந்துக்கடைக்காரர், மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் கதை தெரியும், அந்தக் கோஷித்ஸேக்காரனைத் தவிர.

பிளஜெனா தாளைப் பார்த்து வாசித்தாள். "ஹேவ் யூ எ சிஸ்டர்?"

"நோ."

"நல்லது! முழு வாக்கியமாச் சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து அந்த மடையன்.

"ஐ ஹேவ் நோ சிஸ்டர்."

முழு வாக்கியமாகவே சொன்னேன். அவள் குனிந்து என் பதிலைக் கட்டத்தில் எழுதினாள், பயிற்சி அப்படி. இரண்டு தடவை அடித்து எழுதினாள். நன்றாக வேண்டும்.

அக்டோபர் 2

இம்ரிக்கிடம் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. சிரிக்கவில்லை. முட்டைக்கோஸ் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டார்.

"பன்னண்டு பேர் முன்னாடியா?"

"ஊரே படிக்கிற பலகையில அவ செய்யலையா?"

"அப்ப அவளும் நீயும் ஒண்ணுதான்." எழுந்து பால்கனிக்குப் போனார். "என்னைச் சாக்கா வெச்சு உன் அக்காவ அடிக்காத. நான் கேக்கல."

யாருக்காக ஆறு வருடம் இந்தக் கோபத்தைக் கட்டிக் காத்தேன்? இவருக்காகத்தானே? இவருக்குத் தேவையில்லையாம்! பிறகு இதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அக்டோபர் 8, செவ்வாய்

பிளஜெனா வரவில்லை. சளியாம். முதல் வரிசை ஓட்டைப் பல் மாதிரி இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்றும் வரவில்லை. சளி இரண்டு வாரம் இருக்குமா? கேட்கமாட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

வந்தாள். ஒவ்வொருவரும் குடும்ப மரம் வரைந்து வந்து, முன்னால் நின்று சொல்ல வேண்டிய நாள். மருந்துக்கடைக்காரர் தன் நாயையும் மரத்தில் ஏற்றியிருந்தார். நான் ஒரு புதர் வரைந்திருந்தேன்.

பிளஜெனா சார்ட் அட்டையை விரித்தாள். அறுபதை நெருங்குகிறாள், பள்ளிப் பிள்ளை போல மூன்று கலர் பேனா. அவள், அவள் கணவன், நேலா. அப்புறம் நான். என் பக்கத்தில் ஒரு கட்டம். ஓட்டை ஆங்கிலத்தில், மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். இது என் தங்கை. இவர் என் தங்கையின் பார்ட்னர், பெயர் இம்ரிக். என் அம்மாவை இவர் இரண்டு வருடம் குளிப்பாட்டினார். நான் இவர் பெயரை எழுதவில்லை.

தாலிபோர் ஒரு வினைச்சொல்லைத் திருத்தினான். அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

வெளியே வாகன நிறுத்தத்தில் பின்னாலேயே வந்தாள். "நேலாவுக்குக் குழந்தை பொறந்துடுச்சு. அவங்களும் மோதிரம் மாத்திக்கல. 'நாளைக்கு நான் செத்தா என் ஆளோட பேரப் போடுவியாம்மா?'ன்னு என்னையே கேட்டா."

"அட! உன் வீட்டுக்குள்ள வந்ததும்தான் கண்ணு தெரியுதோ?"

"ஜெல்கா..."

"இங்கிலீஷ்ல யாரு வேணா சொல்லலாம். மருந்துக்கடைக்காரருக்குச் சொல்லி யாருக்கு என்ன ஆச்சு? சொல்றதா இருந்தா நம்ம பாஷையில, அவர் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. முடியாதுல்ல? போ."

போனாள். பேருந்தில் வீடு வரை என் வாயே எனக்குக் கசந்தது. அவள் பாட்டியாகிவிட்டாள், குழந்தை ஆணா பெண்ணா என்று கூடக் கேட்கவில்லை நான்.

அக்டோபர் 29, செவ்வாய்

வகுப்பில் உடல் உறுப்புகள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

அனைத்துப் புனிதர் நாள். அம்மாவின் கல்லறைக்குப் போனோம். எங்களுக்கு முன்பே அவள் வந்து போயிருக்கிறாள். மஞ்சள் சாமந்தி, ஆறு மெழுகுவத்தி. எப்போதும் அவள் சாமந்தியை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் என்னுடையதை வைப்பேன். இன்று தள்ளவில்லை. கை வரவில்லை என்றுதான் எழுத வேண்டும், மனம் மாறிவிட்டது என்று இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

இம்ரிக்கின் பெயர்நாள். எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர், அது இவருக்கென்று கொடுத்த ஒரே நாள். பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, தன் ஆள் என்று நினைப்பவர்கள் தாங்களாகவே வருவார்கள். காலையில் அவரோடு வேலை செய்த இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு மிடறு குடித்துவிட்டுப் போனார்கள். நான் கசகசாச் சுருள் சுட்டேன். நாலரைக்கு வகுப்புக்குக் கிளம்பக் கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தேன், மணி அடித்தது.

வாசலில் பிளஜெனா. கையில் பேப்பர் சுற்றிய பிளம் சாராயம். நான்கு மாடி ஏறியதில் இரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள். இம்ரிக் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அவள் கையை நீட்டினாள். "பெயர்நாள் வாழ்த்துகள், மாப்பிள்ளை. உடம்பு சுகத்தோட நீண்ட நாள் நல்லா இருக்கணும்." உதடு கோணியது. "அன்னைக்கு நான் உங்க பேர எழுதாம விட்டது தப்பு. பெரிய தப்பு."

படிக்கட்டு முழுக்கக் கேட்டிருக்கும். மூன்றாவது மாடிக்காரி கட்டாயம் கேட்டிருப்பாள்.

கொட்டுவதற்கு ஆறு வருடச் சொல் என்னிடம் தயாராக இருந்தது. ஒற்றைக் கைக் கோட்டோடு ஓரமாக விலகி வழிவிட்டேன்.

விருந்தாளி என்றால், பரவாயில்லை, காலணியைக் கழற்ற வேண்டாம் என்போம். இம்ரிக் அதைச் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை எடுத்து அவள் காலடியில் போட்டார். "தரை சில்லுனு இருக்கு, போட்டுக்கங்க."

அக்கா குனிந்து போட்டுக்கொண்டாள். நிமிர நேரமாயிற்று.

சுருளைச் சாப்பிட்டாள், கசகசா குறைவு என்றாள். பெண் குழந்தையாம். போனில் படம் காட்டினாள், தொப்பி வைத்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. சொல்லவும் சொன்னேன், சிரித்தாள். அப்புறம் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்துவிட்டு இம்ரிக்கைப் பார்த்துக் கேட்டாள். "கடைசி வாரத்துல அம்மா ஏதாவது சொன்னாங்களா? என்னைக் கேட்டாங்களா? எனக்கு யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல."

"தினமும் கேட்டாங்க" என்றார் இம்ரிக். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கடைசி வாரத்தின் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்தார். எனக்கே தெரியாதவை எத்தனையோ இருந்தன. நான் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

வகுப்புக்கு இரண்டு பேருமே போகவில்லை.