கம்பியைப் பிடிக்காமல்

ஜூன் 3, திங்கள்

இன்றும் நான் வருவதற்குள் அம்மா படுத்தாயிற்று. "எங்கிட்ட நடக்க மாட்டேங்கிறாங்க, பொண்ணு வந்தாதான் எழுந்திருப்பாங்களாம்" என்று பகலில் துணைக்கு இருக்கும் அக்கா புலம்பிவிட்டுப் போனார். இடுப்பு ஆபரேஷன் முடிந்தவர்கள் இப்போதே நடந்து பழகாவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் நாற்காலிதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நடக்கவைக்க எனக்கு மாலை வேண்டும். எனக்கு ஏது மாலை?

எங்கள் பார்சல் கம்பெனியில் பகல் முழுக்கக் கவுன்டர்களில் "என் பார்சல் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அடிக்கடி தேடுகிற தகவலை டேட்டாபேஸ் சர்வர் தன் மெமரியில் கைக்கெட்டும்படி வைத்திருக்க வேண்டும். மாலையானால் அன்று வந்த பார்சல் அத்தனையையும் ஊர்வாரியாக வரிசைப்படுத்த வேண்டும்; அதற்கும் அதே மெமரிதான். இருப்பது ஒரே மேஜை: பகலில் சாப்பாடு, மாலையில் துணி மடிப்பு. தினமும் மாலை இருந்து, மெமரியைக் கையால் பிரித்து, மேஜையைத் துடைத்துக் கொடுக்கிற ஆள் நான். நேரம் குறித்து வைத்து மாற்றலாம் என்றால், லாரி என்றைக்கு நேரத்துக்கு வந்தது? தேவையைப் பார்த்துத் தானே பிரித்துக்கொள்ளும் வசதி அந்த சர்வரிலேயே இருக்கிறது. அதைப் போட ரிமோட் விடமாட்டார்.

ரிமோட் எங்கள் மேனேஜர். ஏசி ரிமோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கழிப்பறைக்கே போவார்.

ஜூன் 6, வியாழன்

கேட்டே விட்டேன். மீட்டிங்கில், எல்லோர் முன்னாலும். "மெஷினை நம்பி கம்பெனியை விடச் சொல்றியா?" என்றார். மெஷினை நம்பித்தானே சார் கம்பெனியே நடக்குது என்றேன். யாரோ சிரித்துவிட்டார்கள், அதில் அவருக்குச் சுருக்கென்றது. "சரி, போடலாம். சொதப்பினா நீ நிரந்தரமா ஈவினிங் ஷிப்ட். சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

ஜூன் 7, வெள்ளி

ரிமோட் தன் கையாலேயே மாற்றினார், என்னைத் தொடவிடவில்லை. பரவாயில்லை. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் பாதி தூரம் நடந்தாள்!

ஜூன் 10, திங்கள்

நாசம். வரிசைப்படுத்தும் வேலை நொண்டி அடித்தது. வாசலில் லாரிகள் நின்றுகொண்டு ஹாரன், ஹாரன், ஹாரன். லோடு ஏற்றும் அண்ணன் போனில் கத்தினார்: "ஏம்மா, லிஸ்ட் வருமா, இல்ல நாங்களே கண்ணை மூடிக்கிட்டு ஏத்திடவா?"

ரிமோட் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன்ல?" அடுத்த வாரத்திலிருந்து எனக்கு ஈவினிங் ஷிப்ட். படியில் உட்கார்ந்து அழுதேன். அழுகை இல்லை அது, ஆத்திரம். அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?

ஜூன் 11, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். அடப்பாவி மனுஷா!

வசதியைப் போட்டவர், பழைய எண்களை அழிக்கவில்லை. கவுன்டருக்கு இவ்வளவு, வரிசைப்படுத்த இவ்வளவு என்று கையால் கொடுத்து வந்தோமே, அவை அப்படியே இருக்கின்றன. தானாகப் பிரிக்கச் சொன்ன பிறகு சர்வர் அந்த எண்களை "இதற்குக் கீழே குறைக்காதே" என்றுதான் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட மொத்த மெமரியும் வந்துவிடுகிறது. நகர்த்த இடமே இல்லாமல் அது என்ன செய்யும், பாவம்?

நேரே போய்க் கேட்டேன். "அது ஒரு சேஃப்டிக்கும்மா" என்றார்.

"நீயே பார்த்துக்கோன்னு சொல்லிட்டு ரெண்டு கையையும் கட்டிப்போட்டா எப்படி சார்?"

"எடுக்க முடியாது."

"நான் எடுக்கப் போறேன். நாளைக்கு ஒரு லாரி நின்னாலும் ஷிப்ட் வேண்டாம், வேலையையே விட்டுடறேன். இப்பவே மெயில்ல எழுதித் தரட்டுமா?"

எழுதியும் கொடுத்தேன்.

அந்தக் கடுப்போடு வீட்டுக்கு வந்தால் இங்கே வேறு சண்டை. வழக்கம்போல அம்மாவின் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "நடம்மா, நீயே நட" என்றேன். அவள் நின்றுவிட்டாள். "நடன்னு சொல்ற, இடுப்பை விடமாட்டேங்கிற. ஓடுற பஸ்ஸுல கம்பியைப் பிடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்சவடி நான். கையை எடு."

"விழுந்தா யாரு பார்க்கிறது?"

"என் இடுப்பு, நான் பார்த்துக்கிறேன்."

நான் விடவில்லை. அவள் மேலே ஒரு அடி எடுத்து வைக்கவும் இல்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றாலும் பிடிவாதம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

இதுவரை எழுதியதை மேலிருந்து ஒரு தடவை வாசித்தேன். சீ! நானும் ஒரு ரிமோட்.

ஜூன் 12, புதன்

எண்களை எடுத்தேன். அடியோடு இல்லை, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுவைத்தேன். ஒன்று மற்றதைப் பட்டினி போடக்கூடாதே. மாலை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் குறையக் குறையக் கவுன்டரின் பங்கு சுருங்கியது, வரிசைப்படுத்தும் பங்கு விரிந்தது. யாரும் தொடவில்லை. லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. லோடு அண்ணன் போன் செய்து, "என்னம்மா, இன்னிக்கு எங்களுக்கு டீ குடிக்கக்கூட நேரம் தரலையே" என்றார்.

பின்னால் வந்து நின்ற ரிமோட், "ஒரு நாள் கூத்து" என்றார். நாளைக்கும் வந்து பாருங்க சார்.

ஜூன் 14, வெள்ளி

மூன்றாவது நாளும் கூத்து நடந்தது. வீட்டில் கையை எடுத்துவிட்டேன். ஆனால் பின்னாலேயே, பந்து பிடிக்கிறவள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனேன். அம்மா திரும்பாமலே சொன்னாள்: "நீ மூச்சு விடறது கேட்குது. போய் உட்காரு."

உட்கார்ந்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜூன் 19, புதன்

மெமரி விஷயத்தில் "நாம எடுத்த துணிச்சலான முடிவு" பற்றி ரிமோட் மீட்டிங்கில் நெடுநேரம் பேசினார். நாமாம்! பேசிவிட்டுப் போகட்டும். ஈவினிங் ஷிப்ட் பேச்சே இல்லை, எனக்கு அது போதும்.

வீட்டு வாசலில் பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன். உள்ளே வாக்கரின் சத்தம். டக்... டக்... நின்று, மறுபடி டக். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடத்தான் துடித்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தாழ்ப்பாள் விலகியது. வேர்த்து வழிகிற முகத்தோடு அம்மா, ஒரு கையில் வாக்கர், ஒரு கையில் கதவு. நான் அழுதுவிடப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது அவளுக்கு.

"உள்ள போ, உள்ள போ. படியில நிக்காத."

வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.