ஒரு ஸ்லைடுக்கு ஒரு வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். முழங்கால் வலியோடு இன்னும் சாரம் ஏறிப் பூச்சு வேலை பார்க்கிறீர்களா?

இங்கே ஒரு வேடிக்கை. ஆபீஸ் கூரையில் விட்டிருக்கும் விரிசலைப் பற்றி முதலாளிகளுக்குக் காட்ட ஸ்லைடு செய்தேன். "இவ்வளவையும் யாருப்பா படிப்பாங்க? ஒரு ஸ்லைடுக்கு ஒரு வரி!" என்று மேனேஜர் வெட்டித் தள்ளினார். 'கட்டடம் பாதுகாப்பானது இல்லை' என்பதில் 'இல்லை' அடுத்த வரிக்கு இறங்கியிருந்ததால் அதுவும் போயிற்று. நானும் முதலாளிகள் முன் மிச்சத்தை வாசித்தேன். பலத்த கைதட்டல். தட்டத் தட்ட மேலிருந்து காரைத்தூள் உதிர்ந்தது.

விரல் நுழைகிற விரிசல் வெறும் பூச்சு விரிசல்தானே அப்பா? ஒரு வரியில் முடிக்காமல் நீட்டி எழுதுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மேனேஜர் கூப்பிடுகிறார், இருக்கைக்குப் போக வேண்டும். அது விரிசலுக்கு நேர் கீழே.

உங்கள் மகன்