மொட்டைமாடியில் உம்முடைய பணிப்பாளர்

என் பவானிக்கு,

நீர் இருக்கிற இடத்துக்குப் பேப்பர் வருமோ தெரியாது. அதனால் நானே சொல்கிறேன். உம்முடைய ஆராய்ச்சி நிலையத்தை நடத்தும் பணிப்பாளர் தன் பெயரில் வெளியிட்ட மிளகாய் இனம் கெட்டுப் போய்விட்டது. ஒரே தோட்டத்தில் ஒரு செடி நிமிர்ந்து காய்க்கிறதாம், பக்கத்துச் செடி தொங்கிக் காய்க்கிறதாம், மற்றவை இலை சுருண்டு காய்க்காமலே நிற்கின்றனவாம். தோட்டக்காரர்கள் ஆராய்ச்சி நிலையத்து வாசலில் நின்று கத்தியிருக்கிறார்கள்.

படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த நம் மகள் நிரோ ஏசினாள். "அப்பா, அதுகள் நம்பி நட்டதுகள், பாவங்கள். இதில என்ன சிரிப்பு?" என்றாள். சிரிப்பை நிறுத்தினேன். உள்ளே சந்தோசம் நிற்கவில்லை. அவர்களைப் பார்த்து நான் சிரிக்கவில்லை என்பது உமக்குத் தெரியும்தானே?

எல்லாம் முடிந்த பிறகு இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள். அதனால் உமக்குத் தெரிந்த கதையையே திரும்பவும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளும்.

மரபணு ஆராய்ச்சியில் நீர் தொடங்கியது கோழிகளோடு. கழுத்தில் இறகில்லாத ஊர்க்கோழிகளைத் தேடித் தேடி எடுத்து, நல்லதை நல்லதோடு சேர்த்து, இந்த வெக்கையிலும் முட்டை குறையாத ஒரு வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தீர். நிரோவின் பிள்ளைப்பேற்றுக்கு நீர் லீவில் நின்ற கிழமை மேலிடத்து ஆட்கள் நிலையத்துக்கு வந்தார்கள். பின்கூட்டில் நின்ற உம்முடைய சேவல்களைப் பிடித்து மத்தியானச் சாப்பாட்டுக்குச் சமைக்கச் சொன்னார் பணிப்பாளர். நீர் திரும்பிப் போய்க் கேட்டபோது, நிமிர்ந்தும் பார்க்காமல் பதில் சொன்னாராம்.

"கோழிதானே பவானி, இன்னும் பொரிக்கும்."

அன்றைக்கு நீர் வீட்டுக்கு வந்து, குளித்து, விளக்கேற்றிவிட்டு என்னிடம் சொன்னீர்: "இனி மிளகாய் செய்யப் போறன். அதை ஒருதரும் ஒரே நேரத்தில சாப்பிட்டு முடிக்கேலாது." சொல்லிவிட்டுச் சிரித்தீர். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி அன்றிலிருந்து ஆறவே இல்லை.

மிளகாயிலும் நீர் வென்றீர். இரண்டு இனம் எடுத்தீர். ஒன்று இலைச்சுருட்டு நோயைத் தாங்கும், ஆனால் காய் விரல்நுனி அளவு. மற்றது கொழுத்த காய், ஆனால் நோய் வந்தால் முதலில் படுப்பதும் அதுதான். இரண்டையும் கையால் சேர்த்துப் பெற்ற பிள்ளைக்கு இரண்டு நல்ல குணமும் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் விதையை எடுத்து விதைத்தால் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு குணமாகப் போகும். ஒவ்வொரு முறையும் தாயையும் தகப்பனையும் புதிதாகச் சேர்த்தால்தான் சரியான விதை கிடைக்கும். இதை நீர் எனக்குச் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே விளங்கப்படுத்தினீர். எனக்கே விளங்கியது.

நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த மனுசன் உம்முடைய பாத்தியில் பழுத்து நின்றதைப் பறித்து, விதை எடுத்து, தன் பெயரை வைத்து வெளியிட்டார். மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்து இருந்து படித்த பாடமே மறந்துவிட்டது. அந்த விதை சரிவராது என்று நீர் ஆள் விட்டும் சொன்னீர். நோயாளியின் புலம்பல் என்று விட்டுவிட்டார். பேப்பரில் வந்த படத்தைக் காட்டி நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்தேன். நீர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னீர்.

"இஞ்சாருங்கோ, அவர் எடுத்தது பிள்ளையின்ர விதை. தாயும் தகப்பனும் எங்கட மொட்டைமாடியில நிக்குது. ஒரு நாள் கேட்டு வருவார். வந்தால் குடுங்கோ."

கொடுக்கச் சொன்னீர். எப்படிக் கொடுப்பது என்று சொல்லவில்லை. அதை எனக்கென்று விட்டுவிட்டுத்தான் போனீரோ?

உம்முடைய ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு வந்தார். செத்த வீட்டுக்கு வராதவர், பை நிறைய ஆப்பிள் பழத்தோடு வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் வழி விசாரித்து வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன்.

"பவானி எங்களுக்குப் பெரிய இழப்பு," என்றார்.

"எங்களுக்கு எண்டால் ஆருக்கு?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விசாரணை வைக்கப் போறாங்கள். பென்ஷன் எடுக்கிற நேரத்தில எனக்கு இது தேவையில்லை. அந்த ரெண்டு இனத்திலயும் கொஞ்ச விதை தந்தால் காணும்."

"விதை தரமாட்டன். செடி மேல நிக்குது. சேர்க்கிறதை இஞ்சயே சேர்க்கலாம்."

"நல்லது. நாளைக்கு ஒரு ஆளை அனுப்புறன்."

"ஆள் வேண்டாம் டொக்டர். நீங்கள் வாங்கோ."

காப்புறுதிக் கம்பனியில் ஆட்களின் கோரிக்கைகளை மறுத்து மறுத்தே வயது போனவன் நான். முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வதற்கு எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் வந்து நின்றார்.

நம் அடுக்குமாடி லிஃப்ட் மொட்டைமாடி வரைக்கும் போகாது, கடைசிப் படிகளை ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினார். பூச்சி வராமல் செடிகளைச் சுற்றி நீர் கட்டிய வலைக்குள் குந்தினார். விரியாத மொட்டை, முள் பிடுங்குகிற சின்னச் சாவணத்தால் திறந்து, சூலுக்குச் சேதம் வராமல் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். முதல் மொட்டை உடைத்தார். அடுத்ததையும் உடைத்தார். நான் உம்முடைய கதிரையில் குடையோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெதுவா, டொக்டர். அது பூ. கோப்பு இல்லை."

வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. சட்டைக்கையால் துடைத்தார். பாவம் பார்க்கச் சொல்வீர் என்று தெரியும். நான் பார்க்கவில்லை. பழி இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம், பவானி. கீழே தண்ணீர் வாளி எடுக்கப் போனவரைக் கண்டுவிட்டு வாட்ச்மேன், பின்னால் இறங்கிய என்னிடம் சிங்களத்தில் கேட்டான், மாத்தயா, அதுதான் ஐயா, புதுத் தோட்டக்காரன் ஒருவனைப் பிடித்துவிட்டாரா என்று. அவர் காதில் விழத்தான் கேட்டான். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

கடைசியில் ஒரு பூ சரியாக வந்தது. உங்கள் தொழிலில், சேர்த்த பூவின் காம்பில் ஒரு சின்னக் காகித மட்டையை நூலால் கட்டி, சேர்த்தவரின் பெயரை அதில் எழுதுவது வழக்கமாமே. அவர் பென்சிலை எடுத்துத் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடத் தொடங்கினார்.

"அது இல்லை," என்றேன்.

"சேர்த்தது நான்தானே."

"இந்த ரெண்டையும் சேர்க்கலாம் எண்டு கண்டது ஆர்?"

அவர் பென்சிலை மட்டையிலிருந்து எடுத்தார். கடற்கரைப் பக்கம் றெயில் ஒன்று போய் முடிந்தது. பிறகு எழுதியதை அழித்துவிட்டு உம்முடைய முதலெழுத்தைப் போட்டார்.

"முழுப் பெயரும்," என்றேன்.

எழுதினார். அடுத்த பூவுக்கும் எழுதினார். இப்போது தாய்ச் செடி முழுவதும் உம்முடைய பெயர் தொங்குகிறது, அவருடைய கையெழுத்தில். நிரோ வந்து பார்த்துவிட்டு ஒவ்வொரு மட்டையாகத் திருப்பித் திருப்பி வாசித்தாள். இந்த முறை என்னை ஏசவில்லை.

தோட்டக்காரர்களுக்குச் சரியான விதை போகும், அதில் நீர் யோசிக்க வேண்டாம். ஆனால் அவர்கள் முன்னால் எழும்பி நின்று, இது பவானியின் மிளகாய், முதலில் தந்தது நான் களவெடுத்தது என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் போகும். அதுவரைக்கும் தினமும் வந்து பூச் சேர்க்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் இரண்டு செடியையும் வேரோடு பிடுங்கிக் கடலில் எறிவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் பிடுங்க மாட்டேன் என்று உமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தெரிய விடவும் மாட்டேன், உம்மேல் சத்தியம்.

கோபம் ஆறாத
உம்முடைய புருசன்,
தேவராசா