குழாய் வேண்டாம் என்றார் மாமா

ஜூன் 3, செவ்வாய்
மணிமேகலை அக்காவோடு முள்ளிப்பட்டு போனேன். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நர்ஸ் அவர். நான் பை தூக்குவேன், உடம்பு துடைத்துவிடுவேன். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு நல்ல வேலை. அதிகம் பேச வேண்டாம்.

பச்சையப்பன் மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். தாடி மழிக்கும்போது மெல்லச் சொன்னார்: "மூக்குல ட்யூபு மட்டும் வாணாம்மா. புள்ளயாண்ட சொன்னா அழுவான்." தலையாட்டினேன்.

ஜூன் 5
அக்காவிடம் சொல்லவில்லை. ஏன்?

ஜூன் 6
மாமாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. மகன் கமலக்கண்ணன் அண்ணன் தறியிலிருந்து எழுந்து வந்தார். "ட்யூபு போடுங்க சிஸ்டர். முகூர்த்தப் பொடவ பாதியில நிக்குது. வூட்ல சாவு வுழுந்தா பதினாறு நாள் தறியத் தொட முடியாது. பத்து நாள் தாங்கட்டும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்து அக்கா புலம்பினார். "அவர கேக்காம போட்டா தப்பு. போடலன்னா, பட்டினி போட்டு சாவடிச்சாங்கன்னு நாளைக்கு கேஸ் வரும். அவரு மனசுல இன்னா இருக்குதோ!"

எனக்குத் தெரியும். சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா பின்னால் நடந்தேன். சீ, என்ன ஜென்மம் நான்!

ஜூன் 7
காலையில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "நீ சொன்னா பத்தாது, அவரே சொல்லணும். உன்னாண்டதான சொன்னாரு, நீயே கேளு."

அக்கா கூப்பிட்டு டாக்டரும் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். எல்லார் முன்னாலும் கேட்டேன்: "மாமா, அன்னிக்கு சொன்னத அண்ணன்கிட்ட சொல்றீங்களா?" காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வாணாம்டா. வாய நனைச்சா போதும்" என்றார் மகனிடம்.

"பொடவ அப்பா..."

"அப்ப ஏன்டா இங்க குந்திகினு இருக்க? போய் நெய்யி. சத்தத்த கேட்டுகினு கெடக்கறேன்."

அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். ட்யூபு வேண்டாம் என்று டாக்டர் எழுதினார், மாமா கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்!

ஜூன் 11
மருந்தில் வலி இல்லை. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். முழித்தால் மெல்ல ஏதாவது பழைய கதை சொல்கிறார், பிறகு தறிச் சத்தத்தில் தூங்குகிறார்.

ஜூன் 14
விடியற்காலையில் மாமா போய்விட்டார். முந்தானை மட்டும் பாக்கியாம். தறியைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள்.

"பொடவ போனா போவட்டும் சிஸ்டர்" என்றார் அண்ணன்.

ஜூலை 2
ஆரணி பஸ் ஸ்டாண்டில் கமலக்கண்ணன் அண்ணன். ஒதுங்கப் பார்த்தேன், கூப்பிட்டுவிட்டார். "என்னாண்ட சொல்லாதத உன்னாண்ட சொன்னாரே. வேற இன்னாம்மா சொன்னாரு?"

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.