காவல் வர ஒரு வருஷம்

12.03.2024

நான் ஓட்டும் பஸ் கராஜில் நிற்பதால் இன்று பகலிலேயே வீடு. தர்சிகா முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வந்து, சேலை மாற்றாமல் கதிரையில் இருந்தாள். முப்பத்தைந்து வயதானவர்கள் வரவேண்டும் என்று மிட்வைஃப் மிஸ் சொல்லி, போன மாதம் சோதனைக்குச் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனவள். முடிவு வந்திருக்கிறது. கருப்பைக் கழுத்தில் எச்.பி.வி. என்றொரு வைரஸ். கான்சர் இல்லை, கவனிக்காமல் விட்டால் பிறகு வரலாமாம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"உது எப்பிடி வாறது?" என்று கேட்டேன்.

"புருஷன் பெண்சாதிக்குள்ளை வாறதாம். எனக்கு நீங்கள் மட்டும்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

19.03.2024

ஆஸ்பத்திரி. டொக்டர் அம்மா வினாகிரி மாதிரி ஒன்று பூசி, கண்ணாடியால் பார்த்தாராம். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"பயப்பிட ஒண்டுமில்லை. இது இரத்தத்துக்குள்ளை இறங்காது. மேல்தோலிலையே ஒளிச்சிருக்கும். அதாலை உடம்புக்குத் தெரியவே நாள் எடுக்கும். தெரிஞ்சா, அந்த இடத்துக்கெண்டே காவல் இருக்கு. அது வந்து கலைச்சுவிடும். கனபேருக்கு ஒண்டு, ரெண்டு வருஷத்திலை தானாப் போயிடும்."

வைரஸுக்கு மருந்து இல்லையாம். ஒரு வருடம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

"வீட்டிலை ஆரும் சிகரெட் பிடிக்கிறவையோ?"

"இவர்" என்று தர்சிகா என்னைக் காட்டினாள். வகுப்பில் காட்டிக்கொடுக்கும் பிள்ளை மாதிரி.

"புகை அந்தக் காவலைப் பலவீனமாக்கும். பக்கத்திலை இருக்கிறவையின்ரை புகையும் நல்லதில்லை." பிறகு கொப்பியை மூடிக்கொண்டு சொன்னார்: "ஆராலை, எப்ப வந்ததெண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. பத்துப் பன்ரண்டு வருஷம் சத்தமில்லாமலும் கிடக்கும்."

இருவருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் சொன்னது போல இருந்தது.

28.03.2024

சிகரெட் இல்லாமல் ஒன்பதாம் நாள். கைக்கு வேலை இல்லை. கியரையே தடவிக்கொண்டிருக்கிறேன்.

06.04.2024

சொல்லிவிட்டேன்.

மகள் தனுசியா ரியூசனுக்குப் போயிருந்தாள். தர்சிகா முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்கு முதல், லொறி ஓடிய காலத்தில், வவுனியாவில் ஒருத்தி. தொலைபேசிக் கடையில் வேலை செய்தவள். குணலட்சுமி. எட்டு மாதம். பிறகு நான்தான் போவதை நிறுத்தினேன். ஒரு வார்த்தையும் சொல்லாமல்.

தர்சிகா தலையை நிமிர்த்தவில்லை. வெட்டிக்கொண்டே இருந்தாள். வெட்டிய காய் பத்துப் பேருக்குக் காணும்.

07.04.2024

தர்சிகா மகளோடு படுக்கிறாள். சோறு மட்டும் போட்டுத் தந்தாள். முருங்கைக்காய்க் கறி.

08.04.2024

இன்றும் முருங்கைக்காய்.

11.04.2024

சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பையைக் கழுவியபடி கேட்டாள்:

"அந்த அக்காவுக்கு இப்ப எத்தினை வயசிருக்கும்?"

"முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது."

"அவ சோதிச்சவவோ?"

எனக்கு எப்படித் தெரியும்? அப்படியொரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. நான் பயந்ததெல்லாம் எனக்காகத்தான், எங்கள் வீட்டுக்காகத்தான்.

"எனக்கு இருக்கிறது அவவுக்கும் இருக்கலாம். ஆர் அவவுக்குச் சொல்லுறது?"

"விடும் தர்சி. பன்ரண்டு வருஷம் போச்சு."

"விடேலாது. ஒருக்காச் சொல்லாமல் வந்தனீங்கள். அது காணும்."

20.04.2024

என்னோடு லொறி ஓடிய கிறிஸ்ரோபர் எங்கேயோ விசாரித்து அவளின் தொலைபேசி இலக்கம் எடுத்துத் தந்தான். ஏன் என்று கேட்கவில்லை, நல்ல மனிதன்.

கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ. தர்சிகா வாங்கிவிட்டாள்.

"அக்கா, நான் பண்டத்தரிப்பிலையிருந்து கதைக்கிறன். கேதீஸ்வரன்ரை மனிசி. சண்டைக்கு எடுக்கேல்லை, வைச்சிடாதையுங்கோ."

என்னை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். கிணற்றடியில் நின்றேன். இருபது நிமிடம். இடையில் ஒருதரம் சிரித்துக் கேட்டது.

"என்னத்துக்குச் சிரிச்சனீர்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

மற்றதைச் சொன்னாள். குணலட்சுமியின் கணவருக்கு மேசன் வேலை. இரண்டு பிள்ளைகள். கிளினிக்குக்கு இரண்டு முறை கூப்பிட்டும் வெட்கத்தில் போகவில்லையாம். "நானும் வெக்கப்பட்டுத்தான் போனனான் எண்டு சொன்னனான். போறன் எண்டவ."

17.05.2024

சங்கானையில் சிகரெட் ஒன்று வாங்கிப் பற்றவைத்தேன். பாதியில் எறிந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"வாயைக் கொப்புளிச்சுப்போட்டு வாங்கோ, சாப்பிட."

அவ்வளவுதான்.

02.07.2024

குணலட்சுமி தர்சிகாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். சோதித்தார்களாம். அவளுக்கு அந்த இடத்தில் கலங்கள் மாறத் தொடங்கியிருந்தனவாம். கான்சராக வரவில்லை, அதற்கு முந்திய நிலை. சிறிய சிகிச்சை ஒன்று செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் சில வருடம் விட்டிருந்தால் வேறு கதையாம்.

தர்சிகா அழுதாள். நான் பஸ் கழுவப் போகிறேன் என்று எழும்பினேன். நேற்றுத்தான் கழுவியது.

அவளிடமிருந்து எனக்கா, என்னிடமிருந்து அவளுக்கா? கனபேருக்கு வருகிற காவல் குணலட்சுமிக்கு ஏன் வரவில்லை? டொக்டரிடம் கேட்க வேண்டும். கேட்டாலும் என்ன? அவள் தப்பிவிட்டாள். தப்ப வைத்தது நான் இல்லை.

03.07.2024

தர்சிகா தலையணையோடு எங்கள் அறைக்குத் திரும்பி வந்துவிட்டாள். மகள் நித்திரையில் உதைக்கிறாளாம். மூன்று மாதமாக உதைக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை.

23.01.2025

தனுசியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த வைரஸுக்குத் தடுப்பூசி. சம்மதப் படிவத்தைத் தர்சிகா என்னிடம் நீட்டினாள். "நீங்கள் வையுங்கோ கையெழுத்து." இரண்டு தரம் வாசித்துவிட்டு வைத்தேன்.

26.03.2025

திரும்பச் சோதனைக்குக் கொடுத்தாயிற்று. முடிவு இன்னும் வரவில்லை. நேற்றுத் தேநீரில் சீனிக்குப் பதில் உப்புப் போட்டுவிட்டாள். குடித்துவிட்டேன்.

09.05.2025

பின்னேர ஓட்டம். ஆஸ்பத்திரி வீதியில் தர்சிகா பஸ்ஸை மறித்து ஏறினாள். சோதனை முடிவை வாங்கப் போனவள். முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம்.

ஓட்டுமடம் தாண்டியதும் குனிந்து சொன்னாள்: "இப்ப இல்லையாம். சுத்தமாப் போட்டுதாம்."

தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆனைக்கோட்டைச் சந்தியை நான் காணவில்லை. மணி அடித்ததும் கேட்கவில்லை.

"என்ன றைவர், காது கேக்காதோ? நான் இறங்கிறதெல்லே!" பின்னாலிருந்து ஒரு ஐயா கத்தினார்.

நிறுத்தினேன். தர்சிகாதான் திரும்பினாள்.

"கோவிக்காதையுங்கோ ஐயா. அவரிலை பிழையில்லை. நான்தான் கதை குடுத்துப்போட்டன்."