பித்தளை சுருங்காது, மாஸ்டர்

மண்ணரையில் ஒரு கடையில் செல்போனைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு நேற்று வாசலில் நின்றிருந்தேன். கடைக்காரர் சால்டரிங் கம்பியை ஈயத்தில் வைத்ததும் அந்தப் புகை வந்தது. மூக்கில் ஏறிய உடனே உங்கள் முகம்தான் முன்னால் நின்றது. நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். வந்ததென்னவோ எரிச்சல்தான். "புகை ஒத்துக்கலீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். வேறு என்ன சொல்வது, ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

ஒரே பனியன் கம்பெனியில் நீங்கள் கட்டிங் மாஸ்டர், நான் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். எத்தனை வருஷம் பழகியும் நீங்கள் எனக்கு மாஸ்டர்தான், நான் உங்களுக்கு ஃபிட்டர்தான். துணி வாங்க வந்த ஜெர்மனிக்கார பையர் முதலாளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த ரயில் பொம்மைதான் நம்மை நெருக்கியது. "ஓடுதான்னு பாருப்பா" என்று முதலாளி அதை என்னிடம் தள்ளினார். வேடிக்கை பார்க்க வந்த நீங்கள் சாப்பாட்டு மணி அடித்தும் நகரவில்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்கள் வீட்டு மாடி அறைதான். கோயம்புத்தூரில் வாங்கி வந்த பித்தளைப் பட்டையை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, ஈயத்தால் பற்றவைத்துத் தண்டவாளம் செய்தோம். காபி கொண்டுவந்து வைக்கும் உங்கள் சம்சாரம், "கட்டிக்குடுக்கற வயசுல புள்ளைங்கள வெச்சுக்கிட்டு, கூத்தப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நாம் சிரித்துக்கொள்வோம்.

ஒரு பாதையை இன்னொரு பாதை வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது உங்கள் ஆசை. வெட்டுகிற இடத்தில் நடுவே ஒரு சாய்சதுரம் விழுமே, அதனால் அதற்கு டைமண்ட் கிராஸிங் என்று பெயர். ஈரோட்டில் நடைமேடை முனையில் நின்று நிஜத் தண்டவாளத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தோம். ஆசை உங்களுடையது, கணக்கு என்னுடையது. சக்கரத்தின் உட்பக்கம் ஒரு விளிம்பு இருக்கிறது. தண்டவாளங்கள் சந்திக்கும் நான்கு மூலையிலும் அந்த விளிம்பு நுழைந்துபோக இடைவெளி விட வேண்டும். குறைந்தால் சக்கரம் மேலே ஏறிக்கொள்ளும், கூடினால் உள்ளே விழும். கோணம் படுக்கப் படுக்கச் சக்கரம் பிடிமானமில்லாமல் ஓடும் தூரமும் நீளும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்க ஒரு காவல் தண்டவாளம் வேண்டும். பின்னல் மிஷினில் ஊசிகள் நிற்கும் டயலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வைத்து அளக்கும் மெல்லிய தகட்டை வைத்தே இந்த இடைவெளியையும் நான் முடிவு செய்தேன். எத்தனை தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் முதலிபாளையத்தில் புது யூனிட் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே மிஷின் பொறுப்பு முழுக்க எனக்கு என்று முதலாளியே சொல்லியிருந்தார். என் மனைவி அந்தப் பக்கம் வாடகைக்கு வீடுகூட விசாரித்துவிட்டாள். அப்படியிருக்கும்போது பையர்களுக்குச் சரக்கு காட்டும் சாம்பிள் ரூமில் ரயில் ஓட வேண்டும் என்று முதலாளிக்கு ஒரு யோசனை. இரண்டு வண்டி, இரண்டு பாதை, நடுவில் நம்முடைய கிராஸிங். "பையரு வாயப் பொளக்கோணும்" என்றார்.

நான் வரைந்து முடித்த நேரம் காங்கேயத்தில் என் மாமனார் தவறிவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க ஃபிட்டர். நீங்க போட்ட அளவுக்கு அட்டை மாதிரி வெட்டிப் பித்தளையப் பத்த வெக்கறது எம்பட வேலைங்க" என்றீர்கள். காரியம் முடிந்து திரும்பி வந்தபோது பையர் வாசலில் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். கிராஸிங் மேஜையில் ஒட்டியே ஆகிவிட்டது. "ஓட்டிப் பாத்தீங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன். "பெட்டியக் கையில தள்ளிப் பாத்தனுங்க, போச்சு" என்றீர்கள்.

இன்ஜின் கிராஸிங்கின் மூலைக்கு வந்ததும் மூக்கைக் குத்தியது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அடுத்த பாதையில் தாவி ஏறியது. எதிரே வந்த வண்டி அதன் விலாவில் மோத, இரண்டும் மேஜையிலிருந்து கீழே விழுந்தன. பையர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

"அளவு போட்டது யாருப்பா?"

நீங்கள் கழுத்தில் கிடந்த டேப்பைச் சரிசெய்துகொண்டே, "ஃபிட்டருங்க" என்றீர்கள். அதில் பொய் இல்லை. அளவு போட்டது நான்தான். அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அவர்கள் போனதும் குனிந்து மூலை இடைவெளியில் என் தகட்டைச் செருகிப் பார்த்தேன், லொடலொடவென்று ஆடியது. நீங்கள் வெட்டிய அட்டைகளை எடுத்து அளந்தேன். பனியனுக்கு முன்பக்கம், பின்பக்கம், கை என்று வெட்டுவீர்களே, அதேபோல அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, சலவையில் சுருங்கும் என்று இடைவெளிக்கான துண்டு உட்பட ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூடுதல் விட்டிருக்கிறீர்கள்! "பித்தளை சுருங்குமா மாஸ்டர்?" என்று கேட்டேன். "கைப் பழக்கமுங்க ஃபிட்டர், என்னையறியாம உட்டுப் போட்டனுங்க" என்றீர்கள். சத்தியமாக அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஊரிலேயே ஒரு கட்டிங் மாஸ்டர்தான் ரயிலுக்குச் சுருக்க அளவு விடுவார். "உள்ள போய் மொதலாளிகிட்ட இதச் சொல்லிப் போடுங்க" என்றேன். "சொல்றனுங்க. அவரு கோவம் தணியட்டும்" என்றீர்கள்.

அவர் கோபம் தணிந்தது. நீங்கள் சொல்லவில்லை.

"பொம்மை வண்டிக்கே அளவு வெக்கத் தெரியாதவன்கிட்டப் புது மிஷின எப்படி உடறது?" என்று முதலாளி ஆபீசில் பேசியது என் காதுக்கு வந்தது. புது யூனிட் உங்கள் கைக்குப் போனது, மிஷின் உட்பட. நீங்கள் கேட்டு வாங்கவில்லை, அது எனக்குத் தெரியும். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானே போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி அழுதாள். கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தா ஒரு பொறுப்பை வாங்குவது? அது உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய பேச்சு. வரும் வரும் என்று இருந்தேன். பழைய மிஷின்களோடு பழைய ஷெட்டிலேயே என் காலம் ஓடிவிட்டது.

தொண்ணூறுகளில் சொந்த வீடு கட்டி ஒரு அறை முழுக்க ரயில் போட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். அங்கேயும் நடுவில் ஒரு டைமண்ட் கிராஸிங். வண்டிகள் வெண்ணெயில் போவதுபோல அதைக் கடந்தன. "பாருங்க ஃபிட்டர், நீங்க போட்ட அதே அளவுதானுங்க" என்றீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்தேன். மிச்சத்தையும் இப்போது சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டீர்கள். மானங்கெட்டவன், வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

கெட்ட மனிதராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். என் மகள் கல்யாணத்தில் கடைசிப் பந்தி வரை நின்று பரிமாறியது நீங்கள்தானே. எல்லாம் செய்தீர்கள். அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

உங்களைக் கிடத்தியிருந்த அன்று வாசலில் கம்பெனிக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஒருவர் சொன்னார், "மாஸ்டராட்டம் அளவு சுத்தமான மனுசனப் பாக்க முடியாதுங்க. ஒரு தடவ தப்பு வந்ததில்ல." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க ஃபிட்டர், கூடவே இருந்தவரு நீங்க, சொல்லுங்க." உள்ளே உட்கார்ந்திருந்த உங்கள் சம்சாரமும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன்.

உங்கள் பெயருக்காக நான் பொய்யே சொல்லிவிட்டேன், மாஸ்டர். என் பெயருக்காக உங்களால் ஒரு உண்மையைச் சொல்ல முடியவில்லை. இனி கேட்கவும் ஆளில்லை. அந்த "ஆமாங்க"வைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.