கையெழுத்துக்கான இடம்

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் பத்தரைக்கு வந்தார். நாற்பது பேரைப் பார்த்தார், டீ குடித்தார், கிளம்பும்போது மருந்துச் சீட்டுக் கட்டை என் மேசையில் வைத்தார். முப்பது தாள். எல்லாவற்றிலும் அடியில் அவர் கையெழுத்து, மேலே வெறும் வெள்ளை. அடுத்த செவ்வாய் வரை அந்த வெள்ளையை நிரப்புவது நான். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியில் இப்படித்தான். தையல் போடுவது, புண் கட்டுவது, சர்க்கரைக்கு மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் நான். பெயர் மட்டும் அவருக்கு.

இன்று ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஜூன் முதல் தேதியிலிருந்து முன்கூட்டியே கையெழுத்திட்ட சீட்டு செல்லாது. தேர்வில் தேறி மேல்நிலைச் செவிலியர் உரிமம் வாங்கியவர்கள் தங்கள் பெயரிலேயே மருந்து எழுதலாம். அப்படி யாரும் இங்கே இல்லையென்றால், டாக்டர் வராத நாட்களில் நம் நோயாளிகள் முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டியதுதான்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் பரீட்சை? யாராவது சின்னப் பொண்ணா அனுப்புவாங்க" என்றார் டாக்டர்.

எனக்கு ஐம்பத்தெட்டு. விண்ணப்பம் போட்டாயிற்று.

மார்ச் 5, புதன்

தையற்காரருக்கு மூன்று மாதமாக வறட்டு இருமல். டாக்டர் மூன்று தடவை இருமல் மருந்து கொடுத்துவிட்டார். ரத்த அழுத்தத்துக்கு அவர் போடும் மாத்திரை சிலருக்கு இப்படி இருமலைக் கொண்டுவரும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன புத்தகத்தில் நானே படித்தது. மாத்திரையை மாற்றி எழுதினேன். அடியில் டாக்டர் கையெழுத்து, ஜம்மென்று.

மார்ச் 22, சனி

சிறுநீரகப் பாடம் முடிந்தது. கணவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், அவர் வாயில் மருந்துப் பெயர்களுக்குக் கை கால் உடைகிறது. "இவ்ளோ நீளமா பேர் வச்சா, படிச்சு முடிக்கறதுக்குள்ள நோயே போயிடும்" என்கிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுத்துத் தேர்வு. நன்றாக எழுதினேன். பக்கத்து மேசைப் பெண் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றாள். உட்காரம்மா என்றேன்.

ஏப்ரல் 19, சனி

செய்முறைத் தேர்வு. ஐந்து அறை, ஒவ்வொன்றிலும் நோயாளியாக நடிக்க ஓர் ஆள். மருந்து எழுதச் சொன்னது நான்காம் அறையில் மட்டும். அங்கே உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன வியாதி? வறட்டு இருமல்! சிரிப்பை அடக்கிக்கொண்டு எட்டே நிமிடத்தில் முடித்தேன். தேர்வாளருக்கு என் மகள் வயது இருக்கும். என் சீட்டைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். அசந்துபோயிருப்பார்.

மே 2, வெள்ளி

தோல்வி.

எழுத்தில் தொண்ணூற்றொன்று. போனது நான்காம் அறை. எப்படிப் போகும்? அந்த இருமலை என்னைவிட யாருக்குத் தெரியும்—

மே 5, திங்கள்

தேர்வு அலுவலகத்துக்கே போனேன். என் சீட்டைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்றேன்.

"தபால்ல எழுதிக் கேளுங்கம்மா."

"நேர்லயே வந்துட்டேனே."

மதியம் வரை நாற்காலியை விடவில்லை. கடைசியில் கொண்டுவந்து காட்டினார்கள்.

மருந்து சரி. அளவு சரி. எத்தனை நாள், எதைக் கவனிக்க வேண்டும், எல்லாம் சரி. அடியில், கோட்டுக்கு மேலே, ஒன்றுமே இல்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. 'கையெழுத்தில்லாத சீட்டு செல்லாது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

இருபத்திரண்டு வருடமாக என்னிடம் நிரம்பியே வந்த இடம் அது. என் கை அங்கே போனதே இல்லை. யார்மேல் கோபப்படுவது? முதலில் டாக்டர்மேல் பட்டேன். பிறகு, ஒருநாள்கூட வேண்டாமென்று சொல்லாத என்மேல்.

"அந்த ஒரு அறைக்கு மட்டும் மறுதேர்வு இருக்கும்மா, இருபத்தி நாலாம் தேதி" என்றார் அலுவலர். அங்கேயே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 6, செவ்வாய்

டாக்டர் சிரித்தார். "நான்தான் சொன்னேனே சிஸ்டர். என் கையெழுத்து இருக்கறப்ப உங்களுக்கென்ன கவலை?"

மீதமிருந்த பதினேழு தாளையும் அவர் கையில் கொடுத்தேன். "இனிமே வேண்டாம் டாக்டர். மருந்து எழுதணும்னா கூப்பிடறேன், வாங்க."

"ஜூன் வரைக்கும் செல்லுமே!"

"எனக்குச் செல்லாது."

மே 9, வெள்ளி

மூன்று நாளாக டாக்டர் தினமும் வந்துபோகிறார். கார் முழுக்கப் புழுதி. இன்று அவராகவே கேட்டார்: "அந்த மறுதேர்வு என்னிக்கு சிஸ்டர்? நல்லாப் படிங்க."

என்ன கரிசனம்!

மே 23, வெள்ளி

நூறு சீட்டு எழுதி நூறு கையெழுத்துப் போட்டுப் பழகினேன். கணவர் எட்டிப் பார்த்தார். "வீட்டை எழுதி வித்துடப் போறியா? சொல்லிடு, நான் பொட்டியைக் கட்டிக்கறேன்."

மே 24, சனி

போட்டேன். மறுதேர்வு அறையில் உட்கார்ந்ததும் முதலில் கையெழுத்தையே போட்டுவிடலாமா என்று கை துடித்தது. அது டாக்டர் செய்கிற காரியம். எழுதி முடித்து, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

ஜூன் 2, திங்கள்

உரிமம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. பெயரும் உரிம எண்ணும் உள்ள முத்திரையும் செய்துகொண்டேன். இன்று முதல் ஆள் தையற்காரர்.

"இருமல் போயே போச்சு சிஸ்டர். டாக்டர் மாத்தி எழுதினாரே, அந்த மாத்திரைதான். கெட்டிக்காரர்!"

பல்லைக் கடித்துக்கொண்டேன். அவருக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. அளவைக் கூட்டி எழுதி, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

ஐந்து நிமிடத்தில் எதிர் மருந்துக்கடைக்காரர் சீட்டோடு வந்தார், பின்னாலேயே தையற்காரர்.

"அக்கா, இது யார் கையெழுத்து?"

"கீழ படிங்க."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என் முழுப் பெயரை, இனிஷியலோடு, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். இருபத்திரண்டு வருடமாக எதிரே கடை வைத்திருப்பவர்.

"இதுவா உங்க பேரு!"

தையற்காரருக்குச் சந்தேகம் தீரவில்லை. "அப்ப டாக்டர் பாக்க வேணாமா சிஸ்டர்?"

"நான் பாத்தாச்சு. மாத்திரைய வாங்கிட்டுப் போங்க."